ஈஸ்வரி போட மறுத்த கையெழுத்து

நம் போர் விதவைகள் சங்கத்து மேசைக்குப் புதிதாக வந்து உட்கார்ந்திருக்கிற பெண்களுக்கு இதை எழுதுகிறேன். உங்களில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர்கள் இரண்டே பேர் என்று கேள்விப்பட்டேன். அந்த இரண்டு பேரும் மற்றவர்களுக்குப் படித்து, மராட்டியிலோ இந்தியிலோ சொல்லிவிடுங்கள். எனக்கு நான்கு பாஷை பேச வரும். எழுத வருவது ஒன்றுதான், அதுவும் ஐந்தாம் வகுப்போடு நின்ற எழுத்து.

எந்தப் படிவம் எந்த அறைக்குப் போக வேண்டும் என்பதை நான் சொல்லப்போவதில்லை. அதை உங்கள் கம்ப்யூட்டர் என்னைவிட நன்றாகச் சொல்லும். அது சொல்லாத ஒன்றைத்தான் சொல்ல வந்திருக்கிறேன்.

முதலில் நான் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள். என்னைப் பற்றி நானே சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கமே கிடையாது. மற்றவர்கள் சொல்லட்டும் என்று இருந்திருந்தால் இன்றைக்கும் காத்துக்கொண்டுதான் இருப்பேன். குடியாத்தம் பக்கத்து ராஜம்மா. இந்தப் புனேயில், ராணுவ ஆபீஸ்களில், நான் நுழைகிறேன் என்றால் குமாஸ்தா பாபுக்கள் டீயைக் கீழே வைத்துவிட்டு ஃபைலை எடுப்பார்கள். கர்னல்கள் எனக்கு நாற்காலி போட்டிருக்கிறார்கள். ஒரு பெரிய அதிகாரி, 'இந்த அம்மா ராணுவத்தில் சேர்ந்திருந்தால் நான் இவருக்கு சல்யூட் அடித்துக்கொண்டிருப்பேன்' என்றார். சும்மா சொல்லவில்லை, நாலு பேர் முன்னால் சொன்னார்.

இதெல்லாம் பிறவியிலேயே வந்ததில்லை. என் வீட்டுக்காரர் ராணுவத்தில் நாயக். எல்லைச் சண்டையில் போய்ச் சேர்ந்தார். எனக்கு இருபத்தேழு வயது, கையில் இரண்டு பிள்ளைகள். எட்டு மாதம் அழுதேன். வந்த காகிதங்களையெல்லாம் அரிசி டப்பாவுக்குப் பின்னால் செருகி வைத்தேன். எட்டு மாதம் கழித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தால் குவாட்டர்ஸ் கைவிட்டுப் போயிருந்தது, எனக்கு வரவேண்டிய வேலை வேறொருத்திக்குப் போயிருந்தது. விஷ்ராந்த்வாடியில் ஒரு தகரக் கூரை அறையில் இட்லி மாவு அரைத்து விற்றுப் பிள்ளைகளை வளர்த்தேன். அந்த அறையில்தான் என் சட்டத்தை எழுதிக்கொண்டேன்: முதலில் கையெழுத்து, அழுகை அப்புறம்.

சங்கம் ஆரம்பித்த நாளிலிருந்து இந்தச் சட்டத்தை வைத்துத்தான் வேலை பார்த்தேன். புதிதாகக் கணவனைப் பறிகொடுத்தவள் எவளாக இருந்தாலும், முதல் வாரத்திலேயே போய் நிற்பேன். 'அழு, வேண்டாங்கல. மொதல்ல இங்க கையெழுத்துப் போடு, அப்புறமா அழு' என்பேன். கல் நெஞ்சுக்காரி என்று சொன்னவர்கள் உண்டு. அதே வாயால் பிறகு, 'அன்னைக்கு நீ திட்டலேன்னா நான் தெருவுல நின்னிருப்பேன்க்கா' என்று சொன்னவர்களும் உண்டு. எத்தனை பேருடைய வீடு, வேலை, பிள்ளைகளின் படிப்பு என் இந்தச் சட்டத்தால் நின்றது என்று எண்ணிப் பார்த்தால் எனக்கே மலைப்பாக இருக்கும்.

அந்தச் சட்டம் ஒரே ஒருத்தியிடம் செல்லவில்லை. அவள் கதைதான் இது.

தொண்ணூற்றேழோ தொண்ணூற்றெட்டோ இருக்கும். வானவடி குவாட்டர்ஸில் ஈஸ்வரி என்று ஒரு பெண். தேனிப் பக்கம். இருபத்து நாலு வயது, ஐந்து வயதில் ஒரு மகள். புருஷன் வடக்கே பனிமலையில் காவலுக்குப் போனவன். ரோந்து போன இடத்தில் பனி சரிந்தது. மூன்று பேர் உள்ளே போனார்கள். இரண்டு பேர் கிடைத்தார்கள். இவள் புருஷன் கிடைக்கவில்லை. 'காணவில்லை, இறந்ததாக நம்பப்படுகிறது' என்று கடிதம் வந்திருந்தது.

சங்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். புது வீட்டுக்கு இரண்டு பேராகப் போவோம். ஒருத்தி காகிதம் பேசுவாள், இன்னொருத்தி அடுப்படிக்குப் போய்ப் பாத்திரம் கழுவுவாள். நான் எப்போதும் காகிதம். என்னோடு வருவது ஷேவந்தாபாய், சதாரா பக்கத்துக்காரி, என்னைவிட பத்து வயது மூத்தவள், அவளும் ஒரு போரில் புருஷனைப் பறிகொடுத்தவள். அவள் எப்போதும் பாத்திரம்.

ஈஸ்வரி வீட்டில் கால் மணி நேரம் இருந்தோம். நான் பேசினேன், அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். எனக்குத் திருப்தி. திரும்பி வரும்போது பஸ் ஸ்டாப்பில் ஷேவந்தாபாய் சொன்னாள்:

"அந்தப் பொண்ணு இன்னும் புருஷனோட யூனிபார்ம் துவைச்சு இஸ்திரி போட்டு மாட்டி வெச்சிருக்கு. பார்த்தியா?"

"ஆளு இல்லாத வீட்டுல துணி மாட்டிக்கிறது சகஜந்தான் பாயி."

"நேத்து போட்ட இஸ்திரி. மடிப்பு கலையல. இஸ்திரிக்காரன் கட்டின நூல்கூட அப்படியே இருக்கு."

பஸ் வந்துவிட்டது. ஏறிவிட்டேன். பாத்திரம் கழுவுகிறவள் கொண்டுவரும் செய்தியைக் காகிதம் பேசுகிறவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இந்தக் கதையில் என் முதல் தப்பு இது.

இரண்டாவது தப்பு பெரியது.

சங்கராந்தி வந்தது. அந்த மாதம் இங்கே வீட்டுக்கு வீடு ஹல்தி குங்குமம் வைப்பார்கள். சுமங்கலிகளைக் கூப்பிட்டு மஞ்சள் குங்குமம் வைத்து, எள்ளு உருண்டை கொடுத்து, ஒரு சாமானும் கொடுத்து அனுப்புவார்கள். நம்மைக் கூப்பிட மாட்டார்கள். ஒரே படிக்கட்டில் எதிர்வீட்டுக்காரி பக்கத்து வீட்டைத் தட்டிவிட்டு நம் கதவைத் தாண்டிப் போகிற சத்தம் இருக்கிறதே, அதைக் கேட்டவளுக்குத்தான் தெரியும். அதனால் ஷேவந்தாபாய் ஒரு வருஷம், "அவங்க கூப்பிடலேன்னா என்ன, நாமே வைப்போம்" என்றாள். ஒரு விதவைக்கு இன்னொரு விதவை வைப்பது. முதல் வருஷம் பதினொரு பேர். வைத்துக்கொண்டே எல்லோரும் அழுதோம், பிறகு ஒருத்தி, "என் மாமியார் இதைப் பார்த்தா இன்னொரு தடவை செத்துப்போவா" என்றதும் சிரித்தோம். அதற்கப்புறம் நம் சங்கத்தில் அதைவிடப் பெரிய பண்டிகை கிடையாது. புதிதாக வந்தவளை உட்காரவைத்து முதல் பொட்டு வைப்பது நான். அது என் உரிமை என்றே வைத்திருந்தேன்.

அந்த வருஷம் ஈஸ்வரிக்கும் சொல்லி அனுப்பினேன். பச்சைப் புடவை, கை நிறைய கண்ணாடி வளையல், தலையில் பூ, கழுத்தில் தாலி, நெற்றியில் அவளே வைத்த பொட்டு. மகளையும் அழைத்துக்கொண்டு வந்தாள். குடியிருப்புப் பெண்கள் வைக்கிற ஹல்தி குங்குமம் என்று நினைத்து வந்திருக்கிறாள். தன் புருஷன் நல்லபடியாக வரவேண்டும் என்று வேண்டிக்கொள்ள வந்திருக்கிறாள். எனக்கு அது உறைக்கவில்லை. 'பரவாயில்லையே, நம்ம சங்கத்துக்கு வருவதற்கு முன்னாலேயே தைரியமான பொண்ணு' என்றுதான் தோன்றியது.

எல்லோரும் பார்க்க அவளை நடுவில் உட்காரவைத்தேன். குங்குமத்தைத் தொட்டு, அவள் வைத்திருந்த பொட்டின் மேலேயே என் பொட்டை வைத்தேன். பெண்கள் கை தட்டினார்கள். அவள் நிமிர்ந்து சுற்றிலும் பார்த்தாள். ஒவ்வொரு கழுத்தாகப் பார்த்தாள்.

"அக்கா, இங்கன இருக்கவுக எல்லாம்...?"

"எல்லாருமே நம்மளப் போலத்தாம்மா" என்றேன். ஆறுதலாகச் சொல்வதாக நினைத்து, முதுகைத் தடவிக்கொண்டே சொன்னேன்.

அவள் கையிலிருந்த எள்ளு உருண்டையைத் தட்டில் திரும்ப வைத்தாள். சத்தம் போடவில்லை. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து, செருப்பைக்கூட மாட்டாமல் கையில் எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

ஷேவந்தாபாய் என் பக்கத்தில் வந்து நின்று, "காய் கேலஸ் பாயி" என்றாள். என்ன காரியம் செய்தாய் என்று அர்த்தம். "நமக்கு அது விடுதலை. அவளுக்கு அது மரணச் செய்தி. அந்த ராணுவக் கடிதம் சொல்லாததை உன் விரல் சொல்லிடுச்சு."

நினைத்துப் பாருங்கள். அவள் காலையில் கண்ணாடி முன் நின்று வைத்துக்கொண்ட பொட்டு, அவன் இருக்கிறான் என்பதற்கு வைத்தது. அதன் மேல் நான் வைத்தது, அவன் இல்லை என்பதற்கு. வெளியாட்கள் எவரும் இந்தத் தப்பைச் செய்திருக்க முடியாது. நாம் மட்டும்தான் செய்ய முடியும். நாம் பட்டதைத்தான் எல்லோரும் பட்டிருப்பார்கள் என்ற திமிர் நமக்குத்தான் வரும்.

மறுநாள் நான் தனியாகப் போனேன். மன்னிப்புக் கேட்பது எனக்குப் பழக்கமில்லாத வேலை. கதவைத் திறந்தாள், உள்ளே வா என்று சொல்லவில்லை. நான் வாசற்படிக்கு வெளியே நின்றபடியே, "தப்பு பண்ணிட்டேன் ஈஸ்வரி" என்றேன். அவள் உள்ளே போய் ஒரு முறத்தைக் கொண்டுவந்து முன்னால் வைத்தாள். முருங்கைக் கீரை. இரண்டு பேரும் உட்கார்ந்து ஆய்ந்தோம். பாதிக் கீரை ஆனதற்கப்புறம்தான் பேசினாள்.

"ஏப்ரல் மாசத்துக்குள்ள வீட்டக் காலி பண்ணணும்னு காயிதம் வந்துருக்குக்கா."

"அதுக்குத்தான் சொல்றேன், அந்தப் படிவத்துல போட்டுட்டா வீடு உன் பேருக்கு மாறிடும். சில வருஷம் தைரியமா இருக்கலாம்."

"அதுல அவுக செத்துட்டாகன்னுல்ல எழுதிருக்கு."

நான் வாயைத் திறந்தேன். அவள் என்னைப் பேசவிடவில்லை.

"அவுகளுக்குத் தெரிஞ்ச வீடு இது ஒண்ணுதேன். மலைக்குப் போறதுக்கு முந்தி இந்த வாசல்ல நின்னுதேன் சொல்லிட்டுப் போனாக. வந்தா இங்கனதேன் வருவாக. வீடு வேணும்னா அவுக செத்துட்டாகன்னு கையெழுத்துப் போடணும். செத்துட்டாகன்னா எனக்கு இந்த வீடு எதுக்குக்கா?"

என் சட்டத்தில் இதற்குப் பதில் இல்லை. எத்தனையோ வீட்டுக்குக் காகிதம் கொண்டுபோனவள், அந்தக் காகிதத்தை அந்தப் பக்கத்திலிருந்து ஒரு தடவைகூடப் படித்துப் பார்த்ததில்லை.

மார்ச் மாதக் கடைசியில் அவள் கொழுந்தன் பாண்டி ஊரிலிருந்து வந்தான். அண்ணியைக் கையெழுத்துப் போடவைத்து, ஊருக்கு அழைத்துப் போய்க் காரியம் செய்து முடிப்பதாக ஏற்பாடு. நல்ல பையன். அவனைக் கெட்டவனாக நினைக்காதீர்கள். இந்த வேலையில் எதிரில் வந்து நிற்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் கெட்டவர்கள் இல்லை, அவர்கள் வீட்டிலும் அதே ஆள்தான் செத்துப்போயிருப்பான், அவ்வளவுதான்.

ஒரு வெள்ளிக்கிழமை மூவருமாக ராணுவ ஆபீஸுக்குப் போனோம். காலி செய்யவேண்டிய வீடுகளின் பட்டியல் திங்களன்று மேலே போகிறது. வெள்ளி மதியத்துக்குள் கையெழுத்து விழுந்தால் வீடு நிற்கும். இல்லாவிட்டால் போயிற்று.

பெரிய பாபுவுக்கு என்னைப் பல வருஷமாகத் தெரியும். "வா ராஜம்மா, உன்னைப் பார்த்தாலே எனக்கு டீ ஆறிப்போகுது" என்று சொல்லிக்கொண்டே படிவத்தை எடுத்து வைத்தார். "இங்கே, இங்கே, இங்கே. மூணு கையெழுத்து. அஞ்சு நிமிஷ வேலை."

"என்ன எழுதிருக்குன்னு படிக்கச் சொல்லுங்கக்கா" என்றாள் ஈஸ்வரி.

அவர் இந்தியில் படித்துச் சொன்னார். என் கணவர் இன்ன நாளில் இறந்துவிட்டார், நான் அவருடைய விதவை. ஈஸ்வரி பேனாவை மேசை மேல் வைத்தாள்.

"மதினி" என்றான் பாண்டி. "நாங்க மட்டும் சந்தோசமாவா சொல்றோம்? ஆத்தா தெனமும் வாசலப் பாத்து ஒக்காந்துருக்கு. காரியத்த முடிச்சாத்தேன் அது ஒரு வாய் கஞ்சியாச்சும் குடிக்கும்."

"அத்தைக்கு முடியுதுன்னா முடிங்க தம்பி. நா வேணாம்னு சொல்லல. எனக்கு முடியலயே, நா என்ன செய்ய?"

பாண்டி முகத்தைத் திருப்பிக்கொண்டான். பாபு கடிகாரத்தைப் பார்த்தார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

இங்கேதான் நீங்கள் கவனமாகக் கேட்கவேண்டும். நான் ஒரு அதட்டல் போட்டிருந்தால் அவள் போட்டிருப்பாள். அது எனக்கு அந்த நிமிஷமே தெரியும். ஊர் பேர் தெரியாத இடத்தில் அவளுக்கு என்னைவிட்டால் ஆள் கிடையாது. வீடு நின்றிருக்கும், எல்லோரும் என்னைப் பாராட்டியிருப்பார்கள், என் பெருமைக் கணக்கில் இன்னொன்று சேர்ந்திருக்கும். 'முதலில் கையெழுத்து' என்பது நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அதை அப்படியே விழுங்கினேன். கர்னல்களோடு சண்டை போட்டதையெல்லாம் தைரியம் என்று சொல்லிக்கொள்கிறேனே, அதெல்லாம் பழக்கம். அந்த விழுங்கல்தான் தைரியம்.

விழுங்கிய பிறகு மூளை வேலை செய்தது. அதற்கு முன்னால் ஒரு சமயம், நிக்டியில் ஒரு ஃபேக்டரித் தொழிலாளி வேலைக்குப் போனவன் வீடு திரும்பவில்லை. போலீஸும் தேடிக் கைவிட்டது. அவன் பெண்டாட்டி நம்மைத் தேடி வந்தாள். போர் விதவை இல்லை என்றாலும் ஃபேக்டரி ஆபீஸுக்கு அவளோடு நானும் போனேன். அங்கே அவளிடம் வாங்கிய காகிதத்தில் 'இறந்தான்' என்ற பேச்சே இல்லை. இன்றுவரை செய்தி இல்லை, வந்தால் தெரிவிப்பேன், அவ்வளவுதான் எழுதியிருந்தது. அது என் ஞாபகத்துக்கு வந்தது.

பாபுவிடம் சொன்னேன்.

"அது ஃபேக்டரி ஆளுங்களுக்கு. ராணுவத்துல கிடையாது."

"கிடையாதுன்னு எங்கே எழுதியிருக்கு? காட்டுங்க."

"காட்டினா? நீ படிச்சுடுவியா?" என்று சிரித்தார்.

"நான் படிக்கமாட்டேன் பாபுஜி. நீங்க படிங்க, நான் கேட்டுக்கறேன். அவசரமில்ல, நான் சாப்பாடு கட்டிட்டு வந்திருக்கேன்."

அவர் பெரிய புத்தகம் ஒன்றை எடுத்தார். புரட்டினார். இன்னொன்றை எடுத்தார். அப்படிக் கிடையாது என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை. உண்டு என்றும் எழுதியிருக்கவில்லை. உங்களுக்கு ஒரு தொழில் ரகசியம் சொல்கிறேன்: 'முடியாது' என்பவரிடம் சண்டை போடாதீர்கள், அது எழுதியிருக்கிற இடத்தைக் காட்டச் சொல்லுங்கள். பாதி 'முடியாது'கள் எங்கேயும் எழுதப்பட்டதில்லை. கடைசியில் அவர் ஃபைலை எடுத்துக்கொண்டு, "சாப்கிட்டயே பேசிக்கோ" என்று எங்களை உள்ளே அழைத்துப் போனார்.

உள்ளே இருந்தவர் மேஜர். சின்ன வயது. சாப்பிடப் போக எழுந்தவர் மறுபடி உட்கார்ந்தார். படிவத்தைப் பார்த்தார்.

"அம்மா, நான் இவங்களுக்கு உதவத்தான் பார்க்கிறேன். இதுல கையெழுத்து விழுந்தா இன்னைக்கே வீடு நிக்கும். இல்லேன்னா என் கையில ஒண்ணுமில்ல. ராணுவம் அவர் இறந்துட்டார்னு முடிவு பண்ணிடுச்சு. இவங்க மறுத்தா என்ன மாறப்போகுது?"

எனக்குள் ஒரு பிரசங்கம் தயாராக இருந்தது. நல்ல பிரசங்கம். இந்த மாதிரி அறைகளில் நான் பேசி ஜெயித்த பேச்சுகள் ஏராளம். ஆரம்பிக்கப் போனவள் ஈஸ்வரியைப் பார்த்தேன். அவள் உதடு அசைந்துகொண்டிருந்தது, தனக்குள் இந்தியில் ஒத்திகை பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று புரிந்தது. நான் ஒரு அடி பின்னால் நகர்ந்து, "சாப், இவளே சொல்லுவா" என்றேன்.

ஈஸ்வரியின் இந்தி காய்கறிக்காரனிடம் கற்றது. அந்த இந்தியில் இரண்டு வாக்கியம்தான் சொன்னாள்.

"சாப், எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியுமா?"

மேஜர் ஃபைலைத் திறந்தார். உள்ளே அவன் போட்டோ இருந்தது. தேடப் போனவர்கள் எழுதிய அறிக்கை இருந்தது. அதை முதலிலிருந்து கடைசி வரை படித்தார். பேனாவைத் திறந்தார், மூடினார். பிறகு சொன்னார்:

"தெரியாது. மூணு நாள் தேடியிருக்காங்க. அப்புறம் பனிப்புயல், நிறுத்திட்டாங்க. அவரை யாரும் பார்க்கல. எனக்கும் தெரியாது."

எத்தனையோ அதிகாரிகளைப் பார்த்தவள் நான். 'தெரியாது' என்று மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒருவர் சொல்லி அன்றுதான் கேட்டேன்.

பாபுவைக் கூப்பிட்டு, மேஜர் தானே வாய்மொழியாகச் சொல்ல, பாபு டைப் அடித்தார். என் கணவரைப் பற்றி இன்றுவரை எனக்கு எந்தச் செய்தியும் இல்லை. அவரை இறந்தவராகக் கருதுவதாக ராணுவம் எனக்குத் தெரிவித்திருக்கிறது. அவர் திரும்பி வந்தால் உடனே தெரிவிப்பேன். கீழே, இன்னாருடைய மனைவி. பாபு அதை இந்தியில் படிக்க, நான் தமிழில் சொல்ல, பாண்டியும் கேட்டான்.

"அண்ணன் வந்தா தெரிவிப்பேன்னு இருக்குதா?" என்று என்னிடம் இன்னொரு தடவை கேட்டுக்கொண்டான்.

"இருக்குது."

"அப்ப போடுங்க மதினி" என்றான்.

மேஜர் முன்கூட்டியே சொன்னார்: "இதை மேலே ஏத்துக்குவாங்களான்னு நான் உறுதி சொல்ல முடியாது. ஆனா பதில் வர்ற வரைக்கும் இந்த வீடு திங்கட்கிழமைப் பட்டியல்ல போகாது. அது என் பொறுப்பு."

ஈஸ்வரி கையெழுத்துப் போட்டாள். நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாக. நகலை வாங்கிக்கொண்டாள். நாங்கள் எழுந்தோம். அவள் எழவில்லை.

"சாப், அவர் வந்தால் யாரிடம் வந்து சொல்லணும்?"

பாபு தரையைப் பார்த்தார். பாண்டி கதவைப் பார்த்தான். எனக்கே, 'சரி வா, அதையெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்' என்று சொல்லி அவளை வெளியே இழுத்துப் போகலாம் போல இருந்தது.

மேஜர் சிரிக்கவில்லை. பரிதாபப்படவும் இல்லை. அவள் கையிலிருந்த நகலை வாங்கி, பின்பக்கம் தன் பெயரை எழுதினார், அறை எண்ணை எழுதினார். "இந்த அறைக்கு வாங்க. நான் மாற்றலாகிப் போயிருந்தா, இந்த நாற்காலியில யார் உட்கார்ந்திருக்காரோ அவர்கிட்ட சொல்லுங்க" என்றார்.

அந்தக் காகிதம் மேலே போய் இரண்டு தடவை கேள்வியோடு திரும்பி வந்தது. இரண்டு தடவையும் அவர் பதில் எழுதினார். மூன்றாம் தடவை ஏற்றுக்கொண்டார்கள். அதற்குப் பிறகு அவளைப் போல வந்த பெண்களுக்கு நாங்கள் அந்த மாதிரிக் காகிதத்தையே முதலில் கேட்டோம். சில இடத்தில் கிடைத்தது, சில இடத்தில் கிடைக்கவில்லை. கிடைத்த இடங்களிலெல்லாம் நான்தான் கண்டுபிடித்தேன் என்று பெருமையடித்தேன். இப்போது உங்களிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன், கண்டுபிடித்தது அவள். நான் செய்தது ஒரு அடி பின்னால் நகர்ந்தது. அந்த ஒரு அடிக்கு எனக்குப் பத்து வருஷ அனுபவம் தேவைப்பட்டது. நீங்கள் படித்தவர்கள், சீக்கிரம் கற்றுக்கொள்வீர்கள்.

ஈஸ்வரிக்கு ஒரு ராணுவப் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது. மகளைப் படிக்கவைத்தாள். குவாட்டர்ஸில் இருக்கிற காலம் முடிந்தபோது, அதே தெருமுனையில், பழைய வாசல் கண்ணில் படுகிற மாதிரி ஒரு வாடகை வீடு பிடித்தாள். இன்னமும் காத்திருக்கிறாயா என்று நான் அவளிடம் ஒரு நாளும் கேட்டதில்லை. அது சங்கத்து வேலை இல்லை.

சில வருஷம் கழித்து, வேறு ஒருத்தியின் ஃபைலுக்காக நான் அதே அறைக்குப் போயிருந்தேன். மேஜர் எப்போதோ மாற்றலாகிவிட்டார். அவருக்குப் பிறகு ஒருவர் வந்து போய், இப்போது மூன்றாவது ஆள். என் வேலையை முடித்துக் கொடுத்துவிட்டு, தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"நீங்க இந்தப் பெண்களுக்கெல்லாம் வேண்டியவங்கன்னு சொன்னாங்க. போன வாரம் ஒரு அம்மா வந்தாங்க. நான் இங்கே சேர்ந்த ரெண்டாம் நாள். பேரைச் சொன்னாங்க, புருஷன் பேரைச் சொன்னாங்க, ஒரு பழைய காகிதத்தைக் காட்டினாங்க. 'நீங்கதான் இப்போ இந்த நாற்காலியா'ன்னு கேட்டாங்க. ஆமான்னேன். நமஸ்தே சொல்லிட்டுப் போயிட்டாங்க. அவங்களுக்கு என்ன வேணும்னு எனக்குப் புரியல."

"ஒண்ணும் வேணாம் சாப்" என்றேன். "அவங்க பேரை மட்டும் எழுதி வெச்சுக்குங்க."

அவர் மேசை டயரியைத் திறந்து எழுதிக்கொண்டார்.